லிஃப்ட்டின் ஒன்பது நாள் ஓய்வு

குடிநீர் நிலையத்தில் அவருக்கு ‘லிஃப்ட்’ என்று பெயர். மேல்நிலைத் தொட்டியின் எழுபத்திரண்டு படிகளையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு, மேலே நின்று விசிலும் அடிப்பார். பத்தொன்பது வருடம் குளோரின் அறையில் வேலை. வாயு கசிந்தால் அபாயமணிக்கு முன்பே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதற்காக ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அந்த மனிதரை இன்று பக்கத்து வீட்டில் துணி அலசும் வாசனைத் திரவம் படுக்க வைத்துவிடுகிறது.

எல்லாம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. உடம்பு மட்டும் திரும்பி வரவில்லை. குளித்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். கடைவரை நடந்தால் அதற்கான தண்டனை மறுநாள் வரும். அத்தர், பெயின்ட், புதுச் செய்தித்தாளின் மை எதுவானாலும் தலை கனக்கும், நாக்கு குழறும். முதல் மூன்று மருத்துவர்கள் இதற்குக் கவலை, வயது, சோம்பல் என்று காரணம் சொன்னார்கள். நான்காமவர்தான் நாள்பட்ட சோர்வு நோய் என்றார். குழந்தைக்குப் பெயர் வைத்த வீடுபோல அன்று வீட்டில் ஒரே சந்தோஷம். மருந்து இல்லை என்று அவர் சொன்னது பிறகுதான் உறைத்தது.

நிலையத்தில் லிஃப்ட்டின் நாற்காலியில் ‘லிஃப்ட் பழுது’ என்று யாரோ அட்டை மாட்டினார்கள். “குளோரினையே குடிச்சு வளர்ந்த ஆளு, என் பவுடர் வாசனைக்கு மயங்கி விழுறாராம்! அவ்வளவு அழகாவா இருக்கேன்?” என்றார் பம்ப் ஆபரேட்டர். எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்டும் சிரித்தார். சிரித்ததிலேயே களைத்துப்போனார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பில் பிரிவில் ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்தது. தொட்டியும் கிடையாது, குளோரினும் கிடையாது. ஆனால் மருத்துவக் குழு சான்று தர வேண்டும். தராவிட்டால் பழையபடி படியேற வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

குழுவைச் சந்திக்கத் தெம்பு வேண்டுமே என்று லிஃப்ட் ஒன்பது நாள் அசையாமல் படுத்தார். மனைவி ஜன்னல்களைச் சாத்தினாள், சோப்பை ஒளித்தாள், பேச்சைக்கூடக் குறைத்தாள். இந்த நோய்க்காரர்கள் எல்லோரும் செய்யும் காரியம்தான் இது. நோயாளி என்று நிரூபிக்கப் போகும் நாளுக்காக ஆரோக்கியத்தைச் சேமித்து வைப்பார்கள்.

பத்தாம் நாள் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி புறப்பட்டார். வாசலில் மனைவி எச்சரித்தாள். “உள்ள போய் மூக்கைப் பொத்தாதீங்க. நடிக்கிறீங்கன்னு எழுதிடுவாங்க.”

குழு அறையில் சுவரிலிருந்த வாசனைப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘புஸ்’ என்றது. லிஃப்ட் கைக்குட்டையைப் பாக்கெட்டிலேயே வைத்து அழுத்திக்கொண்டார்.

“பார்த்தா ஜம்முன்னு இருக்கீங்களே” என்றார் தலைமை மருத்துவர்.

“இன்னைக்கு இருக்கேன் சார். நாளன்னைக்குப் படுத்துடுவேன்.”

“நாளன்னைக்கு நடக்கப்போறதை நாங்க எப்படி எழுத முடியும்? ரெண்டு மாடி ஏறி இறங்கிக் காட்டுங்க.”

மெதுவாக ஏறியிருக்கலாம். நடுவில் ஒருமுறை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் படியைக் கண்டதும் பழைய லிஃப்ட்டின் மானம் விழித்துக்கொண்டது. நிற்காமல் ஏறினார். விசில் அடிக்கவில்லை, அவ்வளவுதான். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எழுதினார்கள்.

மூன்றாம் நாள் அவரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. வாசலுக்குப் போய் நின்று மனைவி குழு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“சார், இப்ப வந்து பாருங்க சார் அவரை.”

“நாங்க வீட்டுக்கெல்லாம் வர்றதில்லைம்மா. கூட்டிட்டு வாங்க.”

“எந்திரிக்கவே முடியலையே!”

“எந்திரிச்சதும் கூட்டிட்டு வாங்க.”

“எந்திரிச்சு வந்தா நல்லா இருக்கார்னு எழுதிடுறீங்களே சார்!”

“நல்லா இருந்தா நல்லதுதானேம்மா” என்றார் எழுத்தர். அதில் கிண்டல் துளியும் இல்லை, அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. அச்சு மை வாசனை அவருக்கு ஆகாது என்பதால் அந்தத் தாளைக் கொடியில் சட்டைகளுக்கு நடுவே கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று வாசித்தாள். நல்ல உடற்கட்டு. முழு ஒத்துழைப்பு தந்தார். களப்பணிக்குத் தகுதியானவர்.

“எப்போ சேரணும்?”

“திங்கக்கிழமை.”

அவர் கண்ணை மூடியபடியே கணக்குப் போட்டார். “இன்னைலேர்ந்து அசையாம படுத்தா, திங்கக்கிழமை ஏறிடலாம்.”

“செவ்வாக்கிழமை?”

அதற்குள் ஓய்வு தொடங்கிவிட்டது.