ஜன்னலுக்குள் வேல்விழி திறந்த திரை

வேல்விழியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவள் சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்துக்காரி. அவள் அம்மாவுக்கும் என் அப்பாவுக்கும் பட்டாசு கம்பெனியில் வேலை. 2007-இல் பிளஸ் டூ முடித்த கையோடு நாங்கள் இருவரும் சிவகாசியில் சீனிவாசகம் அண்ணாச்சியின் அச்சகத்தில் சேர்ந்தோம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரையும் வேலை. லினக்ஸ் போட்ட ஒரே கம்ப்யூட்டர்; மாறி மாறி உட்காருவோம்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் அண்ணாச்சி கூப்பிட்டார். "வாசல்ல ஆர்டர் எடுக்க ஒரு புரோகிராம் வேணும். யாரு நல்லா எழுதிக் காட்டுதீகளோ, அவுக இங்கனயே இருக்கலாம். ரெண்டு பேரை வச்சுக்கிட முடியாதுப்பா."

ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் வேறெதையும் தொட்டுவிடாதபடி, அந்தப் புரோகிராம் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் ஒரு பிழை வந்தால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். மவுஸ் அசையாது. கம்ப்யூட்டரை அணைத்துத்தான் போடுவேன். பாதி வரைந்த லேபிளும் அதோடு போகும்.

வேல்விழி ஒரு தடவைகூட அணைக்கவில்லை. எக்ஸெஃபிர் என்று ஒரு மென்பொருளை இணையத்தில் தேடிப் பிடித்திருந்தாள். அதைத் திறந்தால் ஒரு ஜன்னல் வரும். ஜன்னலுக்குள் தனியாக இன்னொரு திரை. புரோகிராமை அதற்குள் ஓட்டுவாள். உறைந்தால் ஜன்னலை மட்டும் மூடுவாள். பக்கத்தில் லேபிள் பத்திரமாக இருக்கும்.

"இது எப்படித் தோணுச்சு ஒனக்கு?" என்றேன்.

"பட்டாசு கம்பெனில வெடிமருந்து கலக்குற ரூமு தள்ளித்தானலே இருக்கு, வெடிச்சா அதோட போகட்டும்னு? நீ நடு வீட்டுல வச்சுல்ல கலக்குத!"

என் அப்பாவும் அதே மருந்து அறைக் கதைகளைத்தான் தினமும் சொல்கிறார். எனக்கு ஏன் தோன்றவில்லை?

அவளிடம் கேட்காமல், பார்த்துப் பார்த்தே பழகினேன். புரோகிராமை ஓட்டும்போது எந்தத் திரை என்று எண் கொடுக்க வேண்டும். நிஜத் திரைக்குப் பூஜ்யம், ஜன்னலுக்குள் இருப்பதற்கு ஒன்று. எண் கொடுக்காவிட்டால் நிஜத் திரைக்கே போய்விடும்.

காட்டவேண்டிய நாளில் அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். ஜன்னலைத் திறந்தேன். அவளைவிட வேகமாகத் தட்டிக் காட்ட நினைத்ததில், எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டேன். புரோகிராம் நிஜத் திரையைப் பிடித்துக்கொண்டு உறைந்தது. காலையிலிருந்து வேல்விழி வரைந்த சரவெடி லேபிள் அடியில் திறந்திருந்தது. அவள் இன்னும் சேமிக்கவில்லை.

"ரூமைக் கட்டிட்டும் நடு வீட்டுலயே வச்சுக் கலக்கிட்டியேலே, முனியராஜ்!" என்றாள்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். வேலை அவளுக்குப் போனது.

இப்போது நான் விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன். எந்தப் புரோகிராமை எழுதினாலும் முதலில் அந்த ஜன்னலைத் திறந்து, எண்ணைத்தான் அடிக்கிறேன். அடிக்கும்போதெல்லாம் அவள் குரல் கேட்கிறது. எரிச்சல் குறையவே இல்லை.