உறையாத கடலும் உஸ்ஸார்காக்கின் நாய்களும்

உங்கள் வீட்டு வாசலிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் சாலை இந்த வருடம் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? சாலை கெட்டுப்போனதைச் சொல்லவில்லை. வரவே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் கரைந்து போகிற சாலை அது. குளிர் தொடங்கியதும் திரும்ப வந்து உங்கள் கதவுக்கு வெளியே பரந்து கிடக்கும். உங்கள் சாப்பாடு, உங்கள் தொழில், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. அக்டோபர் போகிறது, நவம்பர் போகிறது, அது வந்து சேரவில்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்?

எங்கள் கங்கார்சுக் கிராமத்தில் அந்தச் சாலை உறைந்த கடல்தான், அது வராதபோதும் உஸ்ஸார்காக் யாரிடமும் புகார் சொன்னதில்லை. அது அவருடைய குணம். அந்தக் குணத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. கிரீன்லாந்தின் இந்த வடமேற்கு மூலையில் அறுபது பேர் இருக்கிறோம். அறுபது பேரும் இப்படி நல்லவர்களாக இருந்துவிட்டால் எங்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், அகன்ற தோள். கரடித்தோல் கால்சட்டையில் முழங்காலுக்கு மேல் நாடுக் போட்ட ஒட்டு ஒன்று எப்போதும் தெரியும். நாடுக் அவருடைய மனைவி. குளிர்காலத்தில் பனிக்கடலில் துளை போட்டுத் தூண்டில் கயிறு இறக்குவதும், கடல்நாய் பிடிப்பதும், கோடையில் படகில் போவதும்தான் அவர் தொழில். இங்கே எல்லோருக்கும் அதுதான் தொழில். ஆனால் ஊர் அவரைக் கூப்பிட்டது இன்னொரு வேலைக்கு. மற்றவர்களின் நாய்களைச் சுடுவதற்கு.

வண்டி இழுக்கிற நாயை வளர்த்தவர் தானே சுடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. எசமானர் துப்பாக்கியை எடுத்தால் வேட்டைக்குப் போகிறோம் என்று நினைத்து நாய் துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்துக்கொண்டு யாரால் முடியும்? அதனால் உஸ்ஸார்காக்கைக் கூப்பிடுவார்கள். அவர் நாய்க்குத் தின்னக் கொடுக்க ஒரு துண்டு திமிங்கிலத் தோலோடு வருவார். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசுவார். பாறைக்குப் பின்னால் கூட்டிப் போவார். ஒரே ஒரு வெடிச் சத்தம். பிறகு வந்து காபி குடித்துவிட்டு, வானிலை பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

முன்பெல்லாம் இது வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. கால் முறிந்தது, கண் போனது, கிழடு தட்டியது. இப்போது ஒரு வண்டியின் நாய்கள் மொத்தமாகப் போகின்றன. காரணம் எளிது. கோடை முடிந்து குளிர் தொடங்கும்போது கடல் முதலில் கூழாகும். அந்தக் கூழில் படகும் போகாது, பனிவண்டியும் போகாது. அந்த நாட்களில் நாய்களுக்குப் போடச் சேர்த்து வைத்த இறைச்சிதான் கதி. என் சின்ன வயதில் அந்தக் கூழ்க்காலம் இரண்டு மூன்று வாரத்தில் முடியும். இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கிறது. உறையும், காற்று வந்து உடைக்கும், மறுபடி கூழாகும். நாயின் வயிறு அந்தக் கணக்குக்குப் பழகவில்லை.

போன வருடம் முதலில் கூப்பிட்டவர் இனுத்தெக். நாடுக்கின் தம்பி. நான் அப்போது உஸ்ஸார்காக்கோடு அவர் வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நாளைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"எத்தனை?"

"எல்லாம்."

உஸ்ஸார்காக் வலையைக் கீழே வைத்தார். "மாப்ள, ஒண்ணு ரெண்டாவது வச்சுக்கடா."

"ஒண்ணு ரெண்டு வச்சு என்ன பண்ணச் சொல்ற? மடியில போட்டுக் கொஞ்சவா? நான் என்ன தெற்கத்திச் சீமாட்டியா?"

"அப்ப உன் வண்டிய யாரு இழுப்பா?"

"நீதான் இருக்கியே. உன் கழுத்து நல்லாத் தடிப்பாத்தானே இருக்கு."

மூவரும் சிரித்தோம். மறுநாள் பாறைக்குப் பின்னாலிருந்து பதினோரு வெடிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வாரம் இனுத்தெக் ஊர் மின்நிலையத்தில் எண்ணெய் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். வேட்டைக்காரராக இருந்தவர் சம்பளக்காரர் ஆனார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். ஆனால் காலி வண்டியை வீட்டுக்குப் பின்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

உஸ்ஸார்காக்கிடம் பன்னிரண்டு நாய்கள். கடல் உறையும் வரை அவற்றை உயிரோடு வைத்திருப்பது, அந்த ஒன்றுக்குத்தான் அவரும் நாடுக்கும் அந்த நவம்பரில் எழுந்தார்கள், படுத்தார்கள். நாய்கள் போனால் அவரும் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டப் போக வேண்டும். மின்நிலையத்திலோ இன்னொரு ஆளுக்கு வேலை இல்லை. தெற்கே பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே யார் இருக்கிறார்கள்?

கடல்நாய் இறைச்சி தீர்ந்தது. கோடையில் பிடித்த சுறா ஒன்று உறைந்து கிடந்தது. எங்கள் கடல் சுறாவின் இறைச்சியில் நஞ்சு உண்டு, பச்சையாகப் போட்டால் நாய்க்குத் தலை சுற்றும், குடிகாரனைப் போலத் தள்ளாடி விழும். நாடுக் அதைப் பெரிய பானையில் போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தார். அந்த நாற்றம் கடை வரைக்கும் வந்தது.

"நாடுக், உன் வீட்டுக்காரருக்கு விருந்தா?" என்று கடைக்கு வந்த ஒருத்தி கேலி செய்தாள்.

"ஆமா. நீயும் வா. தின்னுட்டு ஆடுவே, நாங்க பாட்டுப் பாடுறோம்."

அதுவும் குறையத் தொடங்கியது. ஒரு நாள் நாடுக் பானையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "பன்னெண்டுக்குப் பத்தாது. எட்டுக்குப் பத்தும்."

உஸ்ஸார்காக் எழுந்தார். வெளியே போய் நாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் முதலில் என்பதில் எங்கள் ஊரில் யோசிக்க ஒன்றுமில்லை. இழுக்காத நாய் முதலில். அவருடைய கூட்டத்தில் அது புவாலு. புவாலு என்றால் கையுறை. ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளையாக இருந்ததால் அந்தப் பெயர். பதினோரு வயதுக் கிழவி. பல்லில் பாதி இல்லை. முன்னால் ஓடுவாள், கயிறு தொய்ந்தே இருக்கும்.

"அவ இழுக்கமாட்டாதான்," என்றார் நாடுக். "ஆனா பனி மெலிசா இருந்தா படுத்துக்குவாளே. சாட்டையால அடிச்சாலும் எழுந்திரிக்கமாட்டா. நீயே சொல்லியிருக்க."

"சொன்னேன். மூக்கு வண்டி இழுக்குமா? இருக்கிற தீனி இழுக்கிற வாய்க்குத்தான்."

"குட்டிகளுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல. கம்பு இருக்கு, பனியக் குத்திப் பாத்துக்கறேன்."

அவர் இனுத்தெக்கிடம் போனார். கேட்டது இதுதான்: இத்தனை நாளாக ஊருக்கு நான் செய்தேன், எனக்கு நீ செய். இனுத்தெக் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"செய்யணும் மச்சான். நான்தான் செய்யணும். ஆனா என் கை ஆடும். ஒரு வெடியில முடியாது. அதுக்கு வலிக்கும்."

"சரி விடு."

"கோச்சுக்காத."

"எண்ணெய் வாசம் வருது உன் மேல. என் நாய் உன்னப் பாத்தாலே செத்துரும், துப்பாக்கி எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு நாலு வெடிகளும் அவர் கையால்தான். தோல் வாரை அவிழ்த்ததும் புவாலு வண்டியை நோக்கி ஓடினாளாம், தன் இடத்தில் போய் நின்றுகொண்டாளாம். இதை நாடுக்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார். அன்றைக்கு உஸ்ஸார்காக் வீட்டுக்கு வந்து காபி கேட்கவில்லை.

டிசம்பர் பாதியில் ஒரு காலையில் ஊருக்கே காது அடைத்தது போல் இருந்தது. அலைச் சத்தம் நின்றிருந்தது. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். கருப்புக் கண்ணாடி போலக் கடல் கிடந்தது. சூரியன் இல்லாத மாதம் அது. நிலா வெளிச்சத்தில் பிள்ளைகள் கரையோரம் சறுக்கினார்கள். பெரியவர்களும் சறுக்கினார்கள். மறுநாள் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது. முகங்கள் வாடிவிட்டன. இளம் பனிக்கட்டியின் மேல் பொழிபனி விழுந்தால் அது கம்பளி போர்த்தியது போல, கீழே தடிக்காது. எங்கே கருத்த மெல்லிய பனி, எங்கே வெளுத்த தடித்த பனி என்று கண்ணுக்கும் தெரியாது.

உஸ்ஸார்காக் சில நாள் பொறுத்தார். பானை காலியாயிற்று.

"இன்னும் ரெண்டு நாள் பொறுய்யா," என்றார் நாடுக்.

"பொறுமையக் காய்ச்சி ஊத்துனா குடிக்குமா அதுங்க? வரும்போது ஒரு கடல்நாயோட வர்றேன். ஈரலை எடுத்து வை, மாப்ளையக் கூப்பிடு."

எட்டு நாய்களோடு போனார். அந்த எட்டில் மூத்ததற்கு மூன்று வயது.

அதன் பிறகு நடந்ததைத் தடங்கள் சொல்லின. கரையிலிருந்து, கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனை வரைக்கும் அவர் வண்டிக்கு முன்னால் நடந்திருக்கிறார். இரும்பு முனைக் கம்பு குத்திய துளைகள் வரிசையாக இருந்தன. எல்லா இடத்திலும் பனி தாங்கியிருக்கிறது. முனையைத் தாண்டியதும் வண்டியில் ஏறியிருக்கிறார். அங்கேதான் அடியில் நீரோட்டம் வலுத்து ஓடுகிறது. விசிறி போல் விரிந்த எட்டு நாய்களின் காலடிகள் ஒரு இடத்திலும் தயங்கவில்லை, வளையவில்லை. நேராகப் போய்த் திறந்த நீரில் முடிந்தன. அந்த நாய்கள் மீது என்ன குற்றம்? மெல்லிய பனியில் கால் வைத்து, அது வளைவதை உணர்ந்து, பயந்து திரும்பப் பல குளிர்காலங்கள் வேண்டும். அவை பிறந்த பிறகு குளிர்காலமே சரியாக வரவில்லை. பயப்படக் கற்றுக்கொள்ள அவற்றுக்குப் பனி கிடைக்கவில்லை.

மூன்று நாய்கள் மட்டும் வீடு திரும்பின. உடம்பெல்லாம் பனிக்கட்டி கோத்துக் கலகலத்தது. நாடுக் முழந்தாளிட்டு அவற்றின் இழுகயிறுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு இனுத்தெக்கிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாருடா. அறுந்ததா இது?"

"இல்லக்கா. கத்தி."

"தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இதுங்கள அறுத்து விட்டிருக்கு அந்த மனுஷன்."

உடல் கிடைக்கவில்லை. வெறும் சிலுவை நட்டோம். கூடியிருந்தவர்களுக்குக் காபியும் ரொட்டியும் கொடுத்தார்கள். போதகர் எழுந்து, கடல் கொடுக்கிறது, கடலே எடுத்துக்கொள்கிறது, நாம் பணிய வேண்டும் என்றார். நாடுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயா, முப்பது வருஷம் இதே கடல் மேல போனாரு. அப்பல்லாம் எடுக்காத கடல் இப்ப ஏன் எடுத்துச்சு? கடலுக்கு என்ன திடீர்னு பசி?"

போதகர் நல்ல மனிதர். நாடுக்கின் கோப்பையை மறுபடி நிரப்பினார். தெற்கிலிருந்து பேசிய அதிகாரியிடம் பதில் இருந்தது, வானொலியில் கேட்டோம். மெல்லிய பனியில் கவனக்குறைவாகச் சென்றதால் நேர்ந்த விபத்து என்றார். கவனக்குறைவாம். கரையிலிருந்து முனை வரை குத்திக் குத்திப் பார்த்துப் போன மனிதனுக்குக் கிடைத்த பெயர் அது.

ஒருவர் விதி என்கிறார், இன்னொருவர் கவனக்குறைவு என்கிறார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மேற்கொண்டு கேட்க விடாமல் தடுக்கின்றன. நான் கேட்கிறேன். அவர் ஏன் மெல்லிய பனியில் போனார்? தீனி இல்லை. ஏன் தீனி இல்லை? கூழ்க்காலம் நீண்டது. எச்சரிக்கும் நாய் எங்கே? பட்டினிக்கு அஞ்சிக் கொன்றாயிற்று. கூழ்க்காலம் ஏன் நீண்டது? கடல் சூடேறியது. சூடேற்றியது யார்? இங்கேதான் எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் விளக்கும் எண்ணெயில்தான் எரிகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அறுபது பேரின் விளக்கு ஒரு கடலைச் சூடாக்காது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் கொழுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் புகைபோக்கி ஒன்றைக்கூட உஸ்ஸார்காக் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர்கள் பெயர் எந்த வானொலியிலும் கவனக்குறைவு என்ற சொல்லோடு வந்ததில்லை.

மூன்று நாய்கள் ஒரு வண்டிக்குப் போதாது. இந்த வசந்தத்தில் இனுத்தெக் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, இதுங்கள..." என்று தொடங்கினார். நாடுக் தன் தட்டிலிருந்த மீனை நாய்களுக்காகப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டேன்னா உன் கைய ஒடிச்சுருவேன். அந்த ஆளு தன் உசிரக் குடுத்து அனுப்பினது."

இப்போது ஜூலை. கடல் திறந்து நீலமாகக் கிடக்கிறது. அக்டோபரில் உறையுமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. எங்களுக்கு அது போதுமான அளவு வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்துங்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதை எந்த வருடத்துக்குள் எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இயற்கையின் போக்கு, நாம் என்ன செய்வது என்று அவர் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள்.