சிவப்புப் பொட்டு ஒட்டிய புத்தகங்கள்

என் சித்தி ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறார். முத்திரை குத்தித் தேதி போடுகிற வேலைதானே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அடுக்க வேண்டும், பிய்ந்த அட்டைக்குப் பசை தடவ வேண்டும், இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டால் சமாதானம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் சித்தி ஓர் அலமாரியைக் கேட்டு வாங்கி, வாசலுக்கு நேரே நிறுத்தினார். கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் தாங்களாகவே தேடி எடுக்கிறார்கள். எலும்பைப் பற்றியோ பாலங்களைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ ஒரு நல்ல புத்தகம் வந்தால் அது வந்ததே யாருக்கும் தெரிவதில்லை என்பது அவருடைய குறை. அப்படிப்பட்ட புதுப் புத்தகங்களை முகப்பு தெரிய நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேள்வியை எழுதி வைத்தார். ‘தூங்கும்போது மூளை என்ன செய்கிறது?’ ‘இவ்வளவு லாரிகள் போயும் பாலம் ஏன் விழுவதில்லை?’

தலைமை நூலகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘உஷ் சார்’. அவர் அரை மனதோடுதான் சம்மதித்தார்.

“இந்த செமஸ்டர் முடியட்டும்மா. எத்தனை புத்தகம் வெளியே போகுதுன்னு பார்ப்போம். போகலன்னா அந்த இடத்துல பரீட்சை கைடு அடுக்கிடலாம். அடுத்த வருஷம் வாங்குறதும் கைடுதான்.”

ஒன்றும் போகவில்லை. கணினியில் தட்டிப் பார்த்தால், அந்த அலமாரிப் புத்தகங்களில் ஒன்றைக்கூட யாரும் எடுத்ததாக இல்லை. ஆனால் அதன் முன்னால் எப்போதும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். அதுதான் சித்திக்குப் புரியவே இல்லை. கேள்விகளை மாற்றி எழுதினார். விளக்கு சரியில்லையோ என்று ஒரு விளக்கு போடச் சொன்னார். வீட்டிலும் அதே பேச்சு.

“எல்லாரும் நின்னு பார்த்துட்டு வெறுங்கையோட போயிடறாங்கன்னா, நீ வேலை பாக்குறது நூலகமா, மியூசியமா?” என்றார் சித்தப்பா.

“வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. கைடு வாங்கிட்டாங்கன்னா அப்புறம் இந்த மாதிரி புத்தகம் அந்தக் கட்டடத்துக்குள்ளயே வராது.”

சித்தப்பா அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஒரு நெட்டைப் பையன் பாலப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றிருந்தான். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்ப்பா, கால் வலிக்கலயா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உக்காந்து படிக்கலாம்ல?”

“அக்கா, கிண்டல் பண்ணாதீங்க.”

“இதுல என்ன கிண்டல்?”

“பொட்டு இருக்குல்ல!” அவன் புத்தகத்தைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டினான். “சிவப்புப் பொட்டு இருந்தா இங்கயே படிக்கணும், வெளியே போகாதுன்னு முதல் நாள் சுத்திக் காட்டும்போது நீங்கதானே சொன்னீங்க?”

சித்தி அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். அகராதிகளுக்கும் பெரிய தொகுதிகளுக்கும் ஒட்டும் பொட்டு அது. ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகளை நிற்க வைத்து அவர்தான் அதைச் சொல்கிறார். புதுப் புத்தகம் பளிச்சென்று தெரியட்டும் என்று மேசையில் கிடந்த அதே சிவப்பை எடுத்து இவற்றிலும் ஒட்டியிருக்கிறார்!

“நாலு அத்தியாயம் நின்னே முடிச்சிட்டேன்க்கா. வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு பின்னால ஒளிச்சு வச்சிட்டுப் போவேன்.”

“அடப்பாவி, அது நீதானா? தினம் காலையில வந்து தேடு தேடுன்னு தேடுறேன்!”

சித்தி சிரித்த சிரிப்பில் உஷ் சார் அறையை விட்டே வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து அதன் முதுகைப் பார்த்தார்.

“நானும் தினம் இதைத் தாண்டித்தான்மா போறேன். எனக்கும் உறைக்கலயே” என்றார்.

அன்று மதியம் முழுக்கச் சித்தியும் அந்தப் பையனும் நகத்தால் பொட்டுகளைச் சுரண்டினார்கள். முதலில் வெளியே போனது பாலப் புத்தகம்தான். தூக்கத்தைப் பற்றிய புத்தகத்துக்கு அடுத்த நாளே மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

வாரக் கடைசியில் உஷ் சார் அலமாரியின் முன் வந்து நின்றார். கேள்விச் சீட்டுகள் மட்டும் இருந்தன.

“என்னம்மா, காலியா கிடக்கு?”

“எல்லாம் வெளியே போயிருக்கு சார்.”

“அதுக்காகக் காலி அலமாரியை வாசல்ல நிறுத்தி வைப்பாங்களா? உள்ள புதுசா வந்த பெட்டி பிரிக்காம கிடக்கு பாரு. கொண்டு வந்து அடுக்கு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைடு பேச்சையே எடுக்கவில்லை.

சித்தி உள்ளே போய், அந்தப் பெட்டியின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாராம். அத்தனை நாளும் தோளை இறுக்கிக்கொண்டே நடந்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். பிறகு எழுந்து கத்திரிக்கோலைத் தேடினார்.