சங்கு ஊதாத மதியம்

என் கணவருக்கு வாயால் விசிலடிக்கத் தெரியாது. உதட்டைக் குவித்து எவ்வளவு முயன்றாலும் வெறும் காற்றுதான் வரும். ஆனால் எங்கள் ஊரில் அவரைவிடச் சத்தமாக ஊதியவர் யாரும் கிடையாது. காகித ஆலையின் பாய்லர் அறையில் அவருக்கு வேலை. நீராவியில் கத்தும் ஆலைச் சங்கின் சங்கிலி அவர் கையில் இருந்தது. காலை, மதியம், மாலை என்று அவர் அதை இழுத்தால் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவார்கள் அல்லது இறக்குவார்கள், பள்ளிக்கூடத்து மணி அடிக்கும், அடுப்பில் இருப்பதை யாராவது கிளறிவிடுவார்கள். கைக்குழந்தைகள் மட்டும் அசையாமல் தூங்கும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்.

"ஊருக்கே சங்கு ஊதுறவர் வர்றாரு" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.

"கவலைப்படாதே, உனக்கும் ஊதறேன். உனக்கு மட்டும் கொஞ்சம் நீளமா" என்பார்.

பாய்லர் இரைச்சலில் இடது காது மந்தமாகிவிட்டதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். அவர் என்னிடம் ரகசியம் சொன்னால் மாடியிலிருந்து அவர் தங்கை பதில் சொல்வாள்.

வேலையில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சங்கு சும்மா இருக்கும் நேரத்தில் குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அடியில் உள்ள சின்ன வால்வைத் திறந்து அதை வடித்துவிட்டுத்தான் சங்கிலியைத் தொட வேண்டும். மறந்தால் சங்கு ஊதாது, கொப்பளிக்கும். "நாலு பேர் முன்னாடி பேசப் போறவன் வெளியிலயே தொண்டையைச் செருமிக்கிட்டு வரணும்ல, அதுதான்" என்று எனக்கு விளக்கினார். அவர் ஊதி ஊர் அந்தச் செருமலை ஒருபோதும் கேட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த வருஷம் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு வீடியோ வந்தது. கறுப்பு வானம், தீப்பிடித்த பாறை, கரகரத்த குரலில் ஒரு ஆள். வியாழக்கிழமை மதியம் பூமியில் விண்கல் மோதப்போகிறது, ஆற்றுத் தண்ணீர் மலையடிவாரம் வரை ஏறும், அரசாங்கங்கள் மறைக்கின்றன என்றது அந்தக் குரல். முதல் நாள் அந்தக் கல் பேருந்து அளவு இருந்தது. முடிவெட்டும் கடையில் அது விளையாட்டு மைதானம் அளவு ஆனது. வார இறுதியில் எங்கள் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது.

"வர்ற வழியில நல்லா சாப்பிட்டுக்கிட்டே வருது போல" என்றார் என் கணவர்.

மாடியில் இருந்த அவர் தங்கை சிரிக்கவில்லை. அவளுக்கு அது எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. படியேறக் கூடாது, இறங்கக் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். இந்தக் குழந்தையாவது கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சில்லை. கட்டிலில் படுத்தபடி அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். பூமிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் கல்லுக்கு ஒரு கடுகையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நிஜமாகவே ஒரு கல் வருகிறது, ஆனால் அது நிலாவுக்கும் அப்பால் தன் பாட்டுக்குப் போய்விடும் என்று காட்டினேன்.

"யாரு அண்ணி சொன்னா?"

"விஞ்ஞானிங்க. அளந்து பாத்திருக்காங்க."

"டாக்டரும்தான் ரெண்டு தடவையும் அளந்து பாத்தாரு. எல்லாம் நல்லா இருக்குன்னாரு."

எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அவளைத் தேற்ற எனக்குத் தெரிந்த அறிவியல் போதவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நாளைக்கு மதியம் மட்டும் சங்கு ஊதாதே. அந்த நேரம் பாத்து அந்தச் சத்தம் வந்துச்சுன்னா என் உயிரே போயிடும்."

"சரி குட்டி, ஊதல" என்றார் அவர். தங்கை கேட்டு அவர் இல்லை என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "நானே சொல்லணும்னு இருந்தேன்பா. ஊதினா ஏதோ எச்சரிக்கைன்னு ஜனங்க ஓட ஆரம்பிச்சிடுவாங்க. விட்டுடு" என்று அவரும் தலையாட்டிவிட்டார். இருவருக்கும் நல்ல எண்ணம்தான். அதை ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு இருந்தேன். மதியம் வந்தது, போனது. சங்கு ஊதவில்லை. தெருவில் முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. எதிர்வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சவரக்கடையிலிருந்து ஒருவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு எட்டிப்பார்த்தார்.

"சங்கு ஏன் ஊதல?"

"ஆலையில எல்லாரும் ஓடிட்டாங்களாம்."

"ஓடல, போயிட்டாங்களாம். முதல்ல அங்கதான் விழுந்துச்சாம்."

"விழுந்தா சத்தம் கேக்காதா?"

"சத்தம் பின்னாடிதான் வரும். படிச்சதில்லையா நீ?"

எல்லோரும் தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். வானம் வெளுப்பாக, சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சிறிய லாரியைக் கிளப்பி, மலைக்குப் போகிறவர்கள் ஏறலாம் என்று கத்தினார். நான் ஜன்னலில் நின்று, "ஒண்ணுமில்ல, நாங்கதான் ஊத வேண்டாம்னு சொன்னோம்!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது.

சங்கை ஊதாதே என்று கேட்டவளே பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டிருந்தாள். நான் தெருவுக்கு ஓடினபோது அவள் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் லாரியின் பின்பலகையையும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்திருந்தாள். மேலிருந்து நாலைந்து பேர் அவளை இழுக்கக் கை நீட்டினார்கள். கீழே தள்ளுமுள்ளு. நான் பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

"விடுங்க அண்ணி!"

"ஏறினா குழந்தைக்கு ஆபத்துடி!"

"இங்க இருந்தா மட்டும்?"

அங்கே ஆலையில் வாட்ச்மேன் பாய்லர் அறைக்கு ஓடியிருக்கிறார். "யோவ், ஊரே ரோட்டுல நிக்குது! நீ செத்துட்டேன்னு பேசிக்கிறாங்க! முதல்ல சங்கை இழுய்யா!" என் கணவருக்கு அந்த நொடியே தங்கையின் ஞாபகம்தான் வந்ததாம். மேனேஜரைக் கேட்கவில்லை. வால்வைத் திறக்கவில்லை. அத்தனை வருஷ ஒழுங்கையும் மறந்து சங்கிலியில் தொங்குகிற மாதிரி அதை இழுத்துவிட்டார்.

சங்கு ஊதவில்லை. இருமியது. தொண்டையில் ஏதோ சிக்கிய யானை மாதிரி கொப்பளித்தது, துப்பியது, மறுபடி இருமியது. தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகுதான் தெளிந்து, நீளமாக, வழக்கத்தைவிட நீளமாக ஊதியது.

முதலில் சிரித்தது நுரையோடு நின்ற மனிதர். "இவ்வளவு நேரம் தூங்கிட்டு இப்பதான் எழுந்திருக்கான்யா!" சிரிப்பு லாரி மேல் ஏறியது. நீட்டிய கைகள் பின்வாங்கின. அவள் காலைத் தரையில் வைத்தாள். என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள், நடுவே சிரித்தாள்.

"நீதானேடி ஊத வேண்டாம்னே?" என்றேன்.

"ஆமா அண்ணி. ஆனா ஊதலைன்ன உடனே, அண்ணன் இல்லைன்னு தோணிடுச்சு. இந்தப் பிள்ளையாவது மிஞ்சட்டும்னு ஓடிட்டேன்."

அவளைக் கட்டிலிலிருந்து இறக்கியது அந்த வீடியோ இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று எதிர்வீட்டுக்காரர் உட்பட பாதி ஊர், தாமதமாக ஊதிய சங்குக்குத் தங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டது. மறுநாள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தாமதம். கேட்டால், "எங்க கடிகாரம் சரி மிஸ், ஸ்கூல்தான் சீக்கிரம் ஆரம்பிச்சிடுச்சு" என்றார்கள். சங்கு கொப்பளித்த வெந்நீரில் மணிக்கட்டு வெந்து என் கணவர் வீட்டுக்கு வந்தார். அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை.

டாக்டர் குறித்த நாளில் குழந்தை பிறந்தது. பெண். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னார், உரக்கத்தான்: "வருது வருதுன்னாங்களே, இதுதான் அது." அன்றிலிருந்து அவளுக்குக் கல்லு என்றே பேர். பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் இருந்தாலும் வீட்டில் கல்லுதான். மதியச் சங்குக்கு அவள் ஒருநாளும் விழித்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்காக மூடியிருந்த ஆலை மூன்றாம் நாள் திறந்தது. புதிதாக வந்தவருக்கு வால்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மதியம் சங்கு இருமியது, துப்பியது, பிறகு ஊதியது. நான் சமையலறையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். மாடியிலிருந்து அவர் தங்கை இறங்கி வந்து நிலைப்படியில் நின்றாள். அந்த வாரம் முழுக்க அது இருமியது. மதியம் வரும்வரை நாங்கள் இருவரும் அதற்காகவே காத்திருந்தோம்.

"சொல்லணும்ல அண்ணி?" என்றாள் ஒருநாள்.

"சொல்லணும். புது ஆள் கை வெந்துடும்."

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுமா?"

எனக்கும் ஆசைதான். ஆனால் தழும்பை நினைத்துக்கொண்டு, சாயங்காலமே ஆலைக்குப் போய் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சங்கு சுத்தமாக, செருமல் இல்லாமல் ஊதியது. அவர் ஊதுகிற மாதிரியே இருந்தது.

இந்த வாரம் மறுபடி ஒரு வீடியோ சுற்றுகிறது. கல் புதிது, குரல் மட்டும் அதேபோல் கரகரக்கிறது. கல்லு பள்ளியிலிருந்து ஓடி வந்தாள்.

"அத்தை, வெள்ளிக்கிழமை விண்கல் விழுதாமே?"

"விழாது."

"கண்டிப்பா விழாதா?"

"கண்டிப்பா."

அவள் முகம் தொங்கிவிட்டது. "அன்னைக்குக் கணக்குப் பரீட்சை அத்தை. கொஞ்சூண்டு விழுந்தா போதும். ஸ்கூல் மேல மட்டும்."

மாடியிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது, தன் அண்ணனின் குரலைப்போலவே உரக்க: "வெள்ளிக்கிழமை மதியம் சங்கு ஊதும்டி! போய் உக்காந்து கணக்கைப் போடு!"

கல்லு பையைத் தரையில் போட்டு, பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.