சிவகரனின் நாலு சேம்சைட் கோல்

புளியங்குளம் சந்தியில் சைக்கிளுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் ஒட்டுப் போடுகிற கடை என்னுடையது. காற்றுப் போன ரியூப்போடு வருகிறவர்களைவிட வாய் நிறையக் கதையோடு வருகிறவர்கள்தான் அதிகம். எங்கள் உதைபந்தாட்டக் கழகம் தோற்ற மறுநாள் கடையில் கதிரை போதாது. பழைய ரயர்களை அடுக்கி அதன்மேல் இருப்பார்கள். பயிற்றுநர் விஜிதரன் யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வோம். எங்களில் ஒருவரும் ஒழுங்காகப் பந்தடித்தவரில்லை. அதற்காக வாயைக் குறைத்ததும் இல்லை.

இந்த வருசம் எங்களிடம் அகப்பட்டவன் சிவகரன்.

முப்பத்திரண்டு வயது. நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறான். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த வருசம் கழகத்தில் ஒரு பந்துகூட இல்லை. அப்போது மீசை அரும்பாத இவன் இரண்டு கிழமை சீமெந்து மூட்டை சுமந்து ஒரு பந்து வாங்கி வந்தான். அன்று தொடக்கம் பின்வரிசை நடுவில் நிற்கிறான். கோல் அடித்தவனைக் கட்டிப்பிடிக்க எல்லோரும் ஓடும்போது இவன் தன் இடத்திலேயே நின்று சப்பாத்துக் கயிற்றை இறுக்குவான். பேச்சில் சரியான கஞ்சன்.

அப்படிப்பட்டவன் இந்தச் சுற்றுப்போட்டியில் மூன்று ஆட்டத்தில் மூன்று சேம்சைட் கோல் போட்டான். மூன்றும் ஒரே மாதிரி. பந்து உயர்ந்து வரும். கோல்காப்பாளன் கையை நீட்டிக்கொண்டு முன்னுக்கு ஓடி வருவான். பேசாமல் நின்றால் பந்து அவன் கையில் விழும். சிவகரன் நிற்கமாட்டான். குறுக்கே காலை வீசுவான், பந்து தெறித்து எங்கள் வலைக்குள்ளேயே போகும்.

"வயசு போட்டுது. விஜிதரன் கண்ணை மூடிக்கொண்டு உவனை இறக்கிறான்," என்றேன் நான்.

"ஆளைப் பிழை சொல்லாதை பரமேஸ்வரன்," என்றார் கதிர்காமநாதன். ஓய்வுபெற்ற தபால்காரர், என் கடையின் நிரந்தர எதிர்க்கட்சி. "பின்வரிசையில மற்ற மூண்டு பேரையும் முன்னுக்கு அனுப்பிப்போட்டு அவனைத் தனிய நிக்க விட்டா அவன் என்ன செய்வான்? பயிற்சி பிழை."

"தனிய நிண்டாப் போல தன்ர வலைக்குள்ளயே அடிக்கிறதோ?"

கடை முழுக்கச் சிரித்தது. எனக்கு அன்று பெரிய பெருமை.

தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்தோம். அன்றைக்கும் விஜிதரன் சிவகரனைத்தான் இறக்கினான். எனக்கும் கதிர்காமநாதனுக்கும் வாய்த்தர்க்கம் முற்றி, "உம்மோட நிண்டு பார்க்கேலாது" என்று சொல்லிவிட்டு, நான் போய் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். வெயில் முகத்தில் அடித்தது. கோபத்தில் போனவன் திரும்பி வரமுடியுமா? நின்றேன்.

இரண்டு கோல் முன்னுக்கு நின்ற நேரம் அதே மாதிரிப் பந்து உயர்ந்து வந்தது. கோல்காப்பாளன் கோகுலன் ஓடிக்கொண்டே "விடு!" என்று கத்தினான். சிவகரனின் கால் பறந்தது. நாலாவது சேம்சைட்.

இரண்டுக்கு ஒன்றென்று வென்றோம். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நேரே கோகுலனிடம் போனேன். அவன் மலையகத்துச் சனம் குடியேறிய ஜெயபுரத்துப் பெடியன். பழைய கோல்காப்பாளன் கட்டாருக்குப் போனபிறகு, இந்த வருசம்தான் எங்களோடு சேர்ந்தவன்.

"ஏன்ரா தம்பி, நீயே அடிக்கச் சொல்லிப்போட்டுப் பிறகு ஏன் ஓடி வாறாய்?"

"நான் எங்கங்க அடிக்கச் சொன்னேன்? விடுன்னுதானே கத்துனேன். எனக்கு விட்டுடுங்கன்னு. அவரு பெரியவரு, ஏன் அடிச்சீங்கன்னு எப்படிங்க கேக்குறது?"

பக்கத்தில் நின்ற விஜிதரனின் முகம் வெளிறியது. பந்தை வைத்துக்கொண்டு நிற்காதே, வந்ததும் உதைத்து அனுப்பு என்பதற்கு அவன் பின்வரிசைக்குப் பழக்கிய சொல்லும் அதுதான். இரண்டு வருசமாகப் பின்னேரம் பின்னேரம் "விடு! விடு!" என்று கத்திப் பழக்கியிருக்கிறான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் விடு என்றால் அடி என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. யோசிக்காமல் கால் போகவேண்டும் என்பதுதான் பயிற்சி. அப்படியே போயிருக்கிறது. பழைய கோல்காப்பாளன் "கீப்பர்!" என்று கத்துகிறவன் என்பதால் சிக்கல் வரவில்லை. ஒரே சொல்லில் ஒருவன் அடி என்று பழக்க, மற்றவன் அடிக்காதே என்று கத்தியிருக்கிறான். நாங்கள் ரயர் மேல் இருந்து வயசைக் கணக்குப் பார்த்திருக்கிறோம்.

மூன்று பேருமாகச் சிவகரன் வீட்டுக்குப் போனோம். அவன் முற்றத்தில் இருந்தான். மனைவி நிரோஜாதான் கதைத்தா.

"இவர் இனி விளையாடேல்லையாம். அதை விடுங்கோ. வெட்டு மெசினும் ஓட்டமாட்டாராம். நாளையிண்டைக்கு வெட்டுத் தொடங்குது."

"ஏன்ரா?" என்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மனம் நில் எண்டுது அண்ணை. கால் தன்ர பாட்டில அடிக்குது. ஒருக்கா எண்டாப் பரவாயில்லை, நாலுதரம். தலைக்குள்ள என்னவோ பிழை. மெசினுக்கு முன்னால சனம் நிக்குதுகள். அங்க கால் இப்பிடிச் செய்தால்?"

நான் சிரிப்புக்குச் சொன்ன கதையெல்லாம் இவன் வீட்டில் வேறு மாதிரிக் கிடந்திருக்கிறது.

விஜிதரன் விளக்கம் சொல்லத் தொடங்கினான். நான் மறித்து, மூலையில் கிடந்த பந்தை எடுத்தேன். "எழும்படா. கோகுலன், நீ பின்னால போ." பந்தை உயர எறிந்தேன். கோகுலன் "விடு!" என்றான். சிவகரனின் கால் போனது. பந்து குசினித் தட்டியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்டி ஒன்றைக் கவிழ்த்தது. நிரோஜா தலையில் கை வைத்தா. திரும்ப எறிந்தேன். இந்தமுறை கோகுலன் "எனக்கு!" என்றான். சிவகரன் அசையவில்லை. பந்து கோகுலனின் கையில் விழுந்தது. அதே சொல்லோடு பத்துத் தரம் எறிந்தோம். பத்துத் தரமும் அவன் கால் நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகுதான் விசயத்தைச் சொன்னோம். அவன் முதலில் விஜிதரனைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான்.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையா?"

"ஒண்டும் இல்லையடா. எங்கட வாயிலதான் பிழை. என்ர வாயில கூட."

அப்படியே நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. நிரோஜா உள்ளே போய், கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி போட்டா.

இறுதியாட்டத்தில் தோற்றோம். ஒன்றுக்குப் பூச்சியம். எதிரணிக்காரன் முப்பது மீற்றர் தூரத்திலிருந்து அடித்த பந்து வளைந்து மேல்மூலைக்குள் போனது. கோகுலன் பாய்ந்தும் எட்டவில்லை. கதிர்காமநாதன் அந்த இடத்திலேயே இடதுபக்கப் பின்வரிசையைப் பற்றி வழக்கைத் தொடங்கிவிட்டார். பெடியள் புல்லில் குப்புறக் கிடந்தார்கள். சிவகரன் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தான். தோற்ற அணியில் இப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

"நல்ல கோல், என்ன அண்ணை?" என்றான்.

"ஓமடா, நல்ல கோல்."

"நான் போறன். விடிய நெடுங்கேணியில வெட்டு, மெசின் காத்து நிக்குது."

சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை ஒரே மிதியில் எடுத்தான்.