மாட்டுப்பட்டியின் மறுசாவி

வாசகரே, சற்று நேரம் நீங்கள் எனக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். நான் சொல்லப்போவதில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லையாவது ஒளித்து வைத்திருப்பதாகத் தோன்றினால், அங்கேயே என்னை நிறுத்துங்கள். மேடையில் என்னை யாரும் நிறுத்தியதில்லை. அதனால் வந்த கதைதான் இது.

அந்தப் புத்தகம் ஒரு கை அகலம் இருக்கும். மேலட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பசு. அதன் முதுகுக்குப் பின்னால், இடை ஒடுங்கி வாய் அகன்ற இரண்டு பெருங்கோபுரங்கள் ஆவி கக்கிக்கொண்டிருந்தன. அணுமின் நிலையத்துக்கு அருகே பண்ணை வைத்திருப்பவர்கள், விபத்து நேர்ந்தால் தங்கள் கால்நடைகளை எப்படிக் காக்க வேண்டும் என்று ஏதோ ஒரு தூரதேசத்தில் அச்சிட்டுக் கொடுத்த கையேடு. அது எப்படியோ கடல் கடந்து, பதுளையில் ஓர் அலுவலக மேசைக்கு வந்து, அங்கிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஏறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறைதான் எங்கள் பொதுக்கூட்ட மண்டபமும். எங்கள் கங்காணி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, கோபுரங்களைச் சுட்டிக்காட்டி, "இது எந்தத் தோட்டத்து ஸ்டோருங்க? பொகை இந்தப் போடு போடுது!" என்றார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் நான்.

புத்தகத்தைக் கொண்டுவந்தவரைத் தோட்டமே மாட்டு டாக்டர் என்று அழைத்தது. உண்மையில் அவர் டாக்டர் அல்லர். கால்நடை அலுவலகத்தின் கள உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடியே இருப்பார். எந்த நேரத்தில் எந்தப் பசுவுக்குள் கைவிட வேண்டி வருமோ என்பதுபோல. அவருடைய தமிழைக் கேட்டு எங்கள் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். "மாடு சாப்பிடேல்லையோ?" என்று அவர் கேட்டால், "இல்லீங்க டாக்டரய்யா, அதுக்கும் ஒங்க பேச்சு வெளங்கலீங்க" என்று பதில் வரும். அவரும் சிரிப்பார்.

எங்கள் தோட்டத்தில் மாடு கட்டும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் மாட்டைக் கயிற்றால் கட்டுவார்கள். நாங்கள் இரும்புச் சங்கிலியால் முளையோடு பிணைத்து ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டினோம். காரணம் இருந்தது. தேயிலையில் மாடு வாய் வைத்துவிட்டால் அது தோட்டத்துக்குச் சொந்தம் என்பது தோட்ட நிர்வாகியான தொரையின் சட்டம். நான் சிறுவனாக இருந்தபோது, கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிய ஒரு செவலைப் பசுவின் பின்னங்காலைக் காவற்காரன் அலவாங்கு என்ற இரும்புக் கடப்பாரையால் அடித்து முறித்தான். நொண்டி நொண்டி ஆபீஸ் முற்றம் வரை அது நடந்தது. அங்கே, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், தொரையின் துப்பாக்கி அதன் நெற்றியில் வெடித்தது. மறுநாளே எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சங்கிலி வந்தது. சாவியைப் பெண்கள் தாலிக்கயிற்றோடு கோத்துக்கொண்டார்கள். மாடு பட்டியில் நிற்கும். சாவி கொழுந்து மலைக்குப் போகும். மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரி வந்தால்தான் மாடு நகரும். அதுவே எங்கள் பாதுகாப்பு என்று நம்பினோம்.

மாட்டு டாக்டர் கைவைத்தது அந்தப் பூட்டில்தான். அந்த வருடம் கீழ்நாட்டிலிருந்து வந்த பேச்சு நல்லதாக இல்லை; தமிழர் லயங்களைக் கொளுத்த லொறிகளில் கும்பல் வரும் என்றார்கள். பெரகலைச் சந்திக் கடைகளில் எங்களவர்களைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து விளக்கினார்.

"வெளிநாட்டுக்காரனுக்கு நஞ்சு காத்திலை வரும். அவன் மாட்டை உள்ளுக்கை அடைக்கோணும், தீவனத்தை மூடோணும். எங்களுக்கு நஞ்சு லொறியிலை வரும். நாங்கள் மாட்டை வெளியிலை விடோணும். மற்றதெல்லாம் ஒண்டுதான். ஆர் போறது, எந்த மாடு முதல், எந்த வழி, எல்லாத்தையும் முதலே எழுதி வைக்கோணும். நெருப்பைக் கண்டாப் பிறகு ஒருத்தருக்கும் யோசனை ஓடாது."

அவர் கேட்டது இவ்வளவுதான்: ஒவ்வொரு பூட்டுக்கும் உள்ள மறுசாவியை, அதாவது இரண்டாவது சாவியை, பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒரு பலகையில் தொங்கவிட வேண்டும். புகை தெரிந்தால், பகலில் லயத்தில் இருப்பவர்களுள் பெயர் குறித்த நான்கு பேர் அதை எடுத்துப் பட்டிகளைத் திறக்க வேண்டும். மாடுகள் ஓடை வழியே புல்மலைக்குப் போய்விடும்.

நான் எழுந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். பதுளை மேடைகளில் பட்டிமன்றம் பேசிப் பெற்ற கேடயங்கள் என் சின்னம்மாவின் லயத்துக் காம்பராவில் அரிசிப் பெட்டிக்கு மேலே வரிசையாக நின்றன. எதிரணி என்று ஒன்று இருந்தால் அதை வீழ்த்தியாக வேண்டும் என்பது என் இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

"சபையோர்களே! அணு உலை இல்லாத நாட்டில் அணு உலைக்கு ஆயத்தம் செய்ய வந்திருக்கிறார் நம் அதிகாரி. மனிதன் ஓடுவதற்கு வழி எழுதப்படாத மண்ணில் மாடு ஓடுவதற்கு வழி எழுதச் சொல்கிறார். நம் குடியுரிமையைப் பறித்தார்கள். நமக்கென்று மிஞ்சியது ஒரு பூட்டும் ஒரு சாவியும். அந்தச் சாவியையும் சுவரில் தொங்கவிடச் சொல்கிறார். தொங்கவிடுங்கள்! நாளைக்குக் காவற்காரன் அதை எடுத்து உங்கள் பசுவை ஓட்டிச் செல்லும்போது, இந்தப் படப் புத்தகத்தைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்!"

கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. யாரோ சீழ்க்கை அடித்தார்கள். செவலைப் பசுவை அவர்களும் பார்த்தவர்கள். அந்தப் பயத்தின் மீது நான் விரலை வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். கூட்டம் கலைந்தபின் மாட்டு டாக்டர் என்னிடம் வந்தார்.

"நல்ல தமிழ், தம்பி. எனக்கே கைதட்டோணும் போல இருந்தது" என்றார். புத்தகத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே, "ஆனா, நான் முதல் வேலை செய்த தோட்டத்திலை கட்டின இடத்திலையே மாடு எரிஞ்சதைப் பாத்தனான். நீர் அதைக் கேக்கேல்லை" என்றார்.

அப்போதும் நான் கேட்கவில்லை. அவர் போகுமுன் பலகையை அடித்துவிட்டே போனார். ஆணிகளுக்குக் கீழே வீட்டு இலக்கங்களைத் தார் தொட்டு எழுதியிருந்தார். ஒரு சாவிகூட வரவில்லை. பிள்ளை பார்க்கும் ஆயா அந்த ஆணிகளில் குழந்தைகளின் ஈரத்துணிகளைக் காயப்போட்டாள்.

அன்று மாலை பால் கறந்துகொண்டிருந்த சின்னம்மா, பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்தபடியே சொன்னாள்: "நல்லாத்தான் பேசின. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா? சோத்துத் தட்டத் தட்டிவிட்ட மாதிரி உக்காந்திருந்தாரு."

"அப்ப சாவியக் குடுக்கப் போறீங்களா சின்னம்மா?"

"நீ அம்புட்டுப் பேசினதுக்கப்புறம் நான் எங்கடா குடுக்குறது? லயத்துல ஒருத்தி என்னய மதிப்பாளா?"

என் பெற்றோர் இறந்தபின் என்னை வளர்த்தவள் அவள். ஊருக்கு முன் என் சொல் விழக்கூடாது என்பதற்காக, தனக்குச் சரியென்று பட்டதை அவள் விழுங்கிக்கொண்டாள். எனக்கு அது அப்போது பெருமையாக இருந்தது.

சில மாதங்களின் பின், மழையற்ற வறண்ட காற்று மலையைச் சீவிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் லொறிகள் வந்தன. பாடசாலை லயங்களுக்கு மேலே இருந்தது. கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதும் முப்பது பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினேன். நீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் வரிசையாகக் குப்புறப் படுத்தோம். தேயிலை வேர்களுக்கிடையே எனக்குக் கீழ் லயம் முழுவதும் தெரிந்தது. மண்ணெண்ணெய் டின்களோடும் பொல்லுகளோடும் கத்திகளோடும் லொறிகளில் வந்தவர்கள் காம்பராக் காம்பராவாக நுழைந்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஒருவரைப் பாயோடு இழுத்து வெளியே எறிந்தார்கள். கொழுந்து மலையிலிருந்து பெண்களின் அலறல் கேட்டது. எங்களவர்கள் எல்லோரும் மேலே, காட்டை நோக்கி ஓடினார்கள்.

கீழ் லயத்து மாட்டுப்பட்டி பக்கச் சுவரில்லாதது, மானாப்புல் வேய்ந்தது. பதினொரு மாடுகள் உள்ளே நின்றன. அன்று காலையிலிருந்து என் சின்னம்மாவின் பசு கன்று போடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்ததால் மாட்டு டாக்டரும் உள்ளே இருந்தார். தோள் வரை இரத்தம் வழியும் கையோடு அவர் வெளியே வந்து பார்த்தார். அவர் ஓடியிருக்கலாம், ஓடை பத்து அடி தூரத்தில்தான். கூரையின் ஒரு மூலையில் நெருப்பு விழுந்ததும் அவர் விறகுக் கோடரியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். சங்கிலியை வெட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். முளைகளை வெட்டினார். ஒவ்வொரு முளையும் காட்டு மரம்; நாங்கள் தேடித் தேடி நட்டது. ஒன்று சாய்ந்தது, ஒரு மாடு முளைக்கட்டையைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது மாடு முதுகு பற்றியெரிய எங்கள் கானைத் தாண்டிக் குதித்து ஓடியது. பக்கத்தில் கிடந்த பிள்ளையின் வாயை நான் கையால் பொத்தினேன்.

அப்போதுதான் சின்னம்மா மலையிலிருந்து கீழே ஓடிவந்தாள். ஊரே மேலே ஓட, அவள் ஒருத்தி மட்டும் கீழே. தாலிக்கயிறு அவள் கையில் அறுந்து தொங்கியது.

"சின்னம்மா, போகாதீங்க!" என்று கத்தினேன்.

"சாவி எங்கிட்டடா இருக்கு!" என்றாள். நிற்கவில்லை.

கும்பலில் மூன்று பேர் பட்டிக்குள் போனார்கள். முதல் அடி மாட்டு டாக்டரின் தோளில் விழுந்தது. அவர் திரும்பாமல் முளையை வெட்டினார். இரண்டாவது அடி பின்மண்டையில் விழுந்தது. பூசணிக்காய் தரையில் விழுவதுபோன்ற அந்தச் சத்தம் நான் படுத்திருந்த இடம் வரை வந்தது. தீவனத் தொட்டியின் குறுக்கே விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தார்கள். புகை முட்டியதும் விலகி, மேல் லயத்தை நோக்கிப் போனார்கள். அந்தப் புகைக்குள் சின்னம்மா நுழைந்தாள். பூட்டு பழுக்கக் காய்ந்திருந்தது. அதை உள்ளங்கையால் பிடித்துத்தான் சாவியைத் திருப்ப முடியும். திருப்பினாள். அவள் கையின் தோல் அந்தப் பூட்டிலேயே தங்கிவிட்டது. பசு, பாதி வெளியே தொங்கிய கன்றோடு ஓடைக்குள் விழுந்தது. சின்னம்மா மாட்டு டாக்டரின் காலைப் பிடித்து இழுத்தாள், கூரை இறங்கியது, அவளுடைய சேலை பற்றியது, அவள் உருண்டு ஓடைக்குப் போனாள். உள்ளே ஆறு மாடுகள் கத்தின. பிறகு ஐந்து. பிறகு அவையும் ஓய்ந்தன. காலையிலிருந்து சாப்பிடாத ஒரு பிள்ளை மூக்கை உயர்த்தி, "சார், என்ன வாசம் சார்?" என்று கேட்டது.

முப்பது பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். சொல்லவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கானில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி இருந்தாள். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நான் இறங்கியிருக்கலாம். இறங்க நினைத்தேன், இறங்கவில்லை. பலகையில் சாவிகள் தொங்கியிருந்தால் லயத்தில் இருந்த நால்வர், லொறிகள் லயத்து முற்றத்துக்கு வந்து சேருமுன் பதினொரு பூட்டையும் திறந்திருப்பார்கள். மாட்டு டாக்டர் கோடரியைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

இப்போது நான் மீண்டும் மேடைகளில் பேசுகிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. எதிரணி பேசும்போது நான் ஒரு தாளில் கேள்விகளாகவே எழுதிக்கொள்கிறேன். சபை அதை அடக்கம் என்று நினைக்கிறது. எங்கள் பட்டிகளில் இன்று சங்கிலி கிடையாது. கயிறு, அதில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. தேயிலைக்குள் மாடு இறங்கினால் கங்காணியும் நானும் ஆபீஸுக்குப் போய் நிற்கிறோம். தொரையோடு இரண்டு தடவை கைகலப்பு வரை போயிருக்கிறது. சின்னம்மாவின் வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. கொழுந்து பறிக்க முடியாததால் ஸ்டோரில் தூசு கூட்டுகிறாள். அவள் என்னை ஒரு தடவைகூடக் குற்றம் சொன்னதில்லை.

மாட்டு டாக்டரின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வருவதற்கு அந்த நாட்களில் பாதை இல்லை. சாம்பலிலிருந்து எடுத்த உடலைத் தோட்டத்து மயானத்தில் நாங்களே அடக்கம் செய்தோம். மண் மூடியதும் கங்காணி என்னைப் பார்த்து, "வாத்தியாரே, நாலு வார்த்த பேசுங்க. ஒங்களுக்குத்தான் பேச வரும்" என்றார். கையில் கட்டுப் போட்டிருந்த சின்னம்மா தலையை உயர்த்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். மேடைத் தமிழ் ஒரு சொல்லும் வரவில்லை. நான் சொன்னது இதுதான். உரக்கச் சொன்னேன், நீங்களும் கேளுங்கள்.

"எனக்குப் பேச்சு வரல. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வந்து நிப்பேன். மிச்சம் இருக்குற பட்டிக்கெல்லாம் மறுசாவியக் குடுங்க. நான் சொல்லித்தான் குடுக்காம இருந்தீங்க, நானேதான் வந்து கேக்கணும். திட்டுறவங்க திட்டுங்க, வாங்கிக்கிறேன். சாவி எடுக்குற நாலு பேரு பட்டியல்ல மொதப் பேரு என் பேரு. இன்னொருக்கா லொறி வந்தா பட்டிக்குள்ள மொதல்ல எறங்குறது நான்தான். சின்னம்மா, நீங்க மலையிலயே இருங்க."