உப்புப் போன மண்

வாசல் கதவு சரியாகச் சாத்துப்படாவிட்டால் மற்றவர்கள் தச்சனைக் கூப்பிடுவார்கள். நான் ஓடுவதற்குச் சப்பாத்தைத் தேடுவேன். நோர்வேயில் லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், பஸ் வந்து திரும்பிப் போகிற இந்தக் கிராமத்தில் வீடு வாங்கிய பிறகு எனக்குப் பிடித்த வியாதி இது. காலையில் எழும்பியதும் கதவை ஒரு தரம் திறந்து, ஒரு தரம் சாத்திப் பார்ப்பேன். நிலையில் எங்காவது உரசினால் அன்றைக்குத் தேத்தண்ணீர் வைக்கவே மறந்துபோவேன்.

அதற்கு முன் நகரத்தில், ரொம்மனில் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகளை வளர்த்து முடித்தோம். அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குறை எல்லாம் என் மனிசனுக்குத்தான். மாடியில் இருந்துகொண்டு காணி காணி என்று புலம்புவார். பல்கனியில் வாளிக்குள் மிளகாய் நட்டு, அது காய்க்காத கோபத்தை என்னில் காட்டுவார். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் போனதும் மாடி வீட்டை விற்று, ஓடைக்கரையில் ஒரு மரவீட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் வாங்கினோம். கையெழுத்து வைத்த அன்று மனிசன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மணந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வருவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் ஊர்ப் பெயரோடு ஒரு கோவிற்பற்றின் பெயரும் எழுதியிருக்கும். பறங்கியரும் ஒல்லாந்தரும் தங்கள் தேவாலயங்களை வைத்து ஊர்களைப் பிரித்த பிரிவு அது. சைவ சமயத்தவர்களாகிய நாங்களும் அந்தப் பிரிவுகளுக்குள்தான் பிறந்தோம். இங்கேயும் அதே கணக்குத்தான். மேட்டில் வெள்ளையடித்த தேவாலயம், அதைச் சுற்றிப் பண்ணைகள், நடுவில் ஓடை, எல்லாம் சேர்ந்தால் ஒரு கோவிற்பற்று. பார்க்க அழகான இடம். பார்லி வயல்கள் மெத்தென்று கிடக்கும். அவற்றுக்கிடையே திடீர் திடீரென்று ஆழமான பள்ளங்கள், அவற்றின் அடியில் ஓடைகள். பள்ளம் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. தட்டையான ஊரில் பிறந்தவளுக்குச் சரிவு என்றால் படம் எடுக்கிற இடம்.

முதல் வசந்தத்தில் தேவாலய வளவைத் துப்பரவாக்க ஊர்ச் சனம் கூடியது. இங்கே அதை டுக்நாட் என்பார்கள். ஆளுக்கொரு வேலை, கடைசியில் கோப்பியும் வாஃபலும். புதிதாக வந்தவர்கள் போகாவிட்டால் மரியாதை இல்லை என்று நாங்களும் போனோம். எனக்குப் பக்கத்தில் நின்று சருகு வாரியவள், எங்கள் வளவுக்கு மேலே சரிவின் உச்சியில் குடியிருப்பவள். எங்கள் வயதுதான், மாடுகளை விற்றுவிட்டு இப்போது பார்லி மட்டும் விதைக்கிறவள்.

மதிலடியில் நின்று, எதிரே கிண்ணம் போலக் குழிந்த ஒரு வயலைக் காட்டினாள். அங்கே முன்பு ஒரு பண்ணை இருந்ததாம். ஒரு நாள் நிலம் சரிந்து பண்ணையும் போய், கிண்ணம் மட்டும் மிஞ்சியதாம். பழைய தேவாலயமும் அப்படித்தான் போனதாம். அதனால்தான் இதைப் பாறையில் கட்டினார்களாம். பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லுகிற குரலில் இதையெல்லாம் சொன்னாள்.

ஒரு காலத்தில் இந்தப் பிரதேசம் முழுவதும் கடலடி. பனிப்பாறை உருகி, அமுங்கிக் கிடந்த தரை மெல்ல மெல்ல எழும்பியது. கடலடிக் களிமண் வயலாயிற்று. கடல் விட்டுப்போன உப்புத்தான் அந்தக் களியை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான வருட மழைநீர் உள்ளே இறங்கி இறங்கி, அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. உப்புப் போன களி, யாரும் தொடாதவரை கல்லுப் போல நிற்கும். தொட்டுக் குழப்பினால் கஞ்சியாக ஓடும். இதெல்லாம் இங்குள்ளவர்களுக்கு மனப்பாடம். அவளுடைய வீடு பாதி பாறையிலும் பாதி களியிலும் நிற்கிறதாம். சமைக்கிற குசினி களிப் பக்கம், படுக்கை அறைகள் பாறைப் பக்கம். அவளுடைய பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

எங்கள் வீடு எதில் நிற்கிறது என்று கேட்டேன். "உங்களுடையது பிறகு கட்டிய வீடு" என்றாள். சொல்லிவிட்டுச் சருகு வாரத் தொடங்கினாள். இந்த ஊரில் பழைய வீடுகளெல்லாம் ஏன் பாறை மேட்டில் கும்பலாக இருக்கின்றன, பின்னால் வந்தவர்களின் வீடுகள் ஏன் ஓடைக்கரையில் இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து மனிசனிடம் சொன்னேன்.

"மண் எங்கையப்பா போகப்போகுது? எங்கடை ஊரிலை சனம்தான் வெளிக்கிட்டது. மண் அப்பிடியே கிடக்கு."

அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது. அந்த வசனத்தை அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார்.

கோடை முழுவதும் வளவைத் திருத்தினார். யாழ்ப்பாணத்தான் கண்ணுக்குச் சரிவு ஒரு குறைபாடு. வெங்காயப் பாத்தி என்றால் மட்டமாக இருக்க வேண்டும், வாய்க்கால் விட்டால் தண்ணீர் ஒரே சீராக ஓட வேண்டும். ஆகவே பின்பக்கச் சரிவின் அடியை வெட்டி மட்டமாக்கினார். வெட்டிய மண்ணை ஓடைக்குள் தள்ளினார். அதோடு நின்றாரா? கிணறு இல்லாத வீடும் ஒரு வீடா என்று அந்த வெட்டின் நடுவில் கிணறு தோண்டத் தொடங்கினார். குழாயில் இவ்வளவு நல்ல தண்ணீர் வருகிற நாட்டில் கிணறு எதற்கு என்று கேட்டேன். "உமக்கு விளங்காது" என்றார். எல்லாம் மரங்களின் மறைவில் நடந்தது. மேல்வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இலையுதிர்கால மழையோடு குழி நெஞ்சளவுக்கு வந்தது. அதிலிருந்து சாம்பல் நீலத்தில் களி வந்தது. அதற்குள் சிப்பி ஓடு. புதையல் கண்டவர் போல ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அந்தக் கிழமைதான் கதவு முதன்முதலாக உரசியது.

நான் பயந்தேன். சும்மா அல்ல, பழைய பயம் முழுவதும் திரும்பி வந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் வீடுகளில் வாசலோடு ஒரு பை இருக்கும். உறுதி, பிறப்புச் சான்றிதழ், மாற்றுடுப்பு, கொஞ்ச நகை. ஷெல் விழத் தொடங்கினால் ஆட்களோடு பையும் ஓடும். இத்தனை வருடத்துக்குப் பிறகு நோர்வேயில் அப்படி ஒரு பையை அடுக்கிக் கதவடியில் வைத்தேன். மனிசன் அதைத் தூக்கி அலுமாரிக்குள் போட்டார்.

"இஞ்சை ஆர் ஷெல் அடிக்கினம்? வாற சனம் பாத்தால் சிரிக்கும்."

நான் திரும்ப எடுத்து வைத்தேன். அவர் திரும்ப உள்ளே போட்டார். இப்படியே சில நாள்.

கோவிலில் எனக்குப் பழக்கமான ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை உண்டு. மண்ணைத் துளைத்து ஆராய்கிற வேலை செய்கிற பொறியியலாளர். மனிசனுக்குக் காரணம் சொல்லாமல் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தவள் என்னை ஆன்ட்டி என்றாள். அக்கா என்று சொன்னால் வாய் நோகுமா என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் இருந்த வாளியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஆன்ட்டி, இதை எங்க இருந்து எடுத்தீங்க?"

மனிசன் பெருமையோடு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெட்டையும் கிணற்றையும் காட்டினார். அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. தள்ளியே நின்று, சரிவை மேலேயும் கீழேயும் பார்த்தாள். குசினிக்கு வந்து, வாளியின் அடியில் இருந்து ஒரு கட்டிக் களியை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டுக் கரண்டியால் குழப்பினாள். எங்கள் கண் முன்னாலேயே அது தயிராகி, பிறகு மோராகி ஓடியது.

"உப்பு இருக்கா, ஆன்ட்டி?"

ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினாள். களி திரும்பவும் இறுகியது. தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தாள், விழவில்லை.

"அங்கிள், சரிவோட அடியை வெட்டவே கூடாது. மேல இருக்கறதெல்லாம் அது மேலதான் நிக்குது. உங்க வீடு, மேல இருக்கற வீடு, எல்லாம்."

எங்கள் ஊரில் கிணற்றுக்குள் உப்பு வந்தால் குடி கெட்டது என்று தலையில் கை வைப்போம். உப்பு வெளியேறியதால் வீடு போகும் என்று கேட்பது அன்றுதான் முதல் தரம். மனிசன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு அப்படியே ஆறியது.

ஊர் நிர்வாகமான கொம்யூனுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று சொல்லி அவள் தானே தொலைபேசி எடுத்தாள். மேல்வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டியது நான். அந்தச் சரிவில் ஏறிப் போகும்போது கால் வைத்த ஒவ்வொரு இடத்திலும் பயந்தேன். உன் வீட்டின் காலை நாங்கள் வெட்டிவிட்டோம் என்று ஒரு மனிசியிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவள் கத்தவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கி வந்து பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்கள் எந்த அறையில் படுக்கிறீர்கள்?"

ஓடைப் பக்க அறை என்றேன். மாறிப் படுக்கச் சொன்னாள். பிறகுதான் எங்கள் வீட்டின் கீழே பாறையே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொம்யூன் ஆட்கள் வந்து துளைத்துப் பார்த்தார்கள். களி அந்தப் பிள்ளை சொன்ன களிதான். கிணற்றை மூடி, வெட்டின் அடியில் கல்லை நிரப்பிப் பாரம் வைக்கச் சொன்னார்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த இடத்தில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேல்வீட்டுக்காரி தன் உழவு இயந்திரத்தில் கல் கொண்டுவந்து கொட்டினாள். மனிசன் தன் கிணற்றுக்குள் தானே மண் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"இப்ப முன்னைவிட சேஃப், ஆன்ட்டி. ஆனா..." என்றாள் பொறியியலாளர்ப் பிள்ளை. அந்த 'ஆனா'வை அவள் முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லவில்லை. இன்னொரு முறை வீடு மாற எங்களிடம் வயதும் இல்லை, வசதியும் இல்லை. தெரிந்துகொண்டு வாங்க இனி யார் வருவார்கள்? கதவு உரசுவது மழையில் மரம் ஊதியதாலா, நிலம் அசைந்ததாலா என்று கேட்டேன். இரண்டும் இருக்கலாம் என்றாள்.

குளிர் காலத்தில் நிலம் உறைந்து கிடந்தது, நானும் நித்திரை கொண்டேன். இந்த வசந்தத்தில் பனி உருகத் தொடங்கியதும் ஓடை கலங்கலாக ஓடியது. கூரையிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் எனக்கு மண்ணுக்குள் இறங்குகிற சத்தமாகத்தான் கேட்டது. மனிசனிடம் சொல்லவில்லை. அவர் எப்போதும் போல வானொலியும் செய்தியுமாக இருந்தார். மண் எங்கே போகும் என்ற பழைய வசனத்தை மட்டும் பல நாளாகச் சொல்லவில்லை. பை கதவடியிலேயே இருந்தது. யாரும் அதை அலுமாரிக்குள் போடவில்லை.

போன கிழமை வாசலைக் கூட்டுவதற்காக அந்தப் பையைத் தூக்கினேன். பாரமாக இருந்தது. திறந்து பார்த்தேன். நான் அடுக்கியவற்றுக்கு மேலே அவருடைய பிரஷர் குளிசைகள், ஒரு கம்பளிச் சட்டை, ஊர்க் காணி உறுதியின் பிரதி.

குசினியில் வானொலி கேட்டது. கூட்டி முடித்து, பையை முன்பு இருந்த இடத்தைவிடக் கதவுக்குக் கிட்டவாக வைத்தேன்.